காரின் முன்பக்கத்தை இறக்கப்போகும் மகனுக்கு

மனே,

போன ஞாயிற்றுக்கிழமை நீ பேசிக்கொண்டிருக்கும்போதே போனை வைத்தவள் நான்தான். லைன் கட்டாகவில்லை. "அம்மாட போனில சார்ஜ் இல்லபோல" என்று நீ அக்காவிடம் சொன்னாயாம். சார்ஜ் நிறைய இருந்தது, கோபமும் நிறைய இருந்தது. "கலியாணத்துக்கு முதல் காரிட முன்பக்கத்த ரெண்டு இஞ்சு இறக்கப் போறன், அது வெள்ளத்துக்குள்ள நிக்கிற ட்ராக்டர் மாதிரி மூக்கத் தூக்கிக்கிட்டு நிக்குது" என்றாய். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். பிறகு, "இது உங்களுக்கு விளங்காதும்மா, சஸ்பென்சன் விசயம்" என்றாய் பார், அங்கேதான் வைத்தேன். எனக்கா விளங்காது? நீ பாலர் பாடசாலைக்குப் போன காலத்திலேயே அந்தக் காரின் அடியில் மல்லாந்து கிடந்து, கண்ணில் துரு விழ விழ நட்டுக் கழற்றியவள் உன் அம்மா. அதனால்தான் எழுதுகிறேன். போனில் என்றால் குறுக்கே பேசுவாய். கடிதத்தில் அது நடக்காது, முழுவதையும் வாசித்தே ஆகவேண்டும்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். கார் உன்னுடையது. நம் பக்கத்து வழக்கப்படி வீடு வளவெல்லாம் பெண்பிள்ளைக்கு, நாவற்குடா வீடு அக்காவின் பெயருக்குப் போய்விட்டது. ஆண்பிள்ளை கட்டின இடத்துக்குப் போகிறவன். நீயும் களுவாஞ்சிக்குடியில் உன் பெண்சாதி வீட்டுக்குப் போகப்போகிறாய். உடுப்புப் பெட்டியோடு மட்டும் உன்னை அனுப்ப எனக்கு மனமில்லை, அதனால் அப்பா விட்டுப்போன மொறிஸ் மைனர் காரை உன் பெயருக்கு எழுதினேன். "பழைய தகரத்தக் குடுத்து மகன அனுப்புறா" என்று உன் சித்தப்பா போகிற வீடெல்லாம் சொல்லித் திரிகிறாராம். திரியட்டும். பெண் வீட்டார் மாப்பிள்ளைக்குக் கொழும்பிலிருந்து புதுக் கார் பிடிக்கலாம் என்றபோது, "நான் எங்கட காரிலதான் வருவன்" என்று நீ ஒற்றைக்காலில் நின்றாயே, அதைக் கேட்ட அன்று சந்தோசத்தில் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆகவே உன் காரை நீ இறக்குவதற்கு என் அனுமதி வேண்டாம். ஆனால் அது ஏன் மூக்கைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது என்பது என்னுடைய விசயம். அது தெரியாமல் நீ அதில் ஸ்பானர் வைக்கக்கூடாது.

உன் அப்பா நெஞ்சு வலியால் செத்தவர். கடைத்தெருவில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தவர் கோப்பையோடு சரிந்தார், அவ்வளவுதான். அந்தக் காலத்து விதவை என்றாலே வேறு ஏதோ கதை இருக்கும் என்று நினைத்துக்கொண்டு என்னைப் பார்த்து 'உச்' கொட்டுகிறவர்களை எனக்குப் பிடிக்காது. உனக்கு அப்போது மூன்று வயது. காரை வாடகைக்கு விட்டு, ஹயர் ஓடித்தான் நாங்கள் சாப்பிட்டோம், ஆகவே அடுத்த மாதமே நான் ஸ்ரேரிங் பிடித்தேன். கல்யாணம் முடித்த புதிதில், அமிர்தகழியில் திருவிழா முடிந்த வெறும் வெளியில், அப்பா விளையாட்டாகப் பழக்கியது எனக்குச் சோறு போட்டது. "பொம்புள ஹயர் ஓடுறாளாம், என்ன காலமிது" என்று ரோட்டில் நின்று சொன்னவர்களுக்கு ஒரு ஹோர்ன் அடித்துவிட்டுப் போவேன். அவர்களுடைய மருமகள்மாருக்குப் பிரசவ வலி வந்தால் என்னைத்தானே கூப்பிட்டார்கள்.

அப்படி ஒரு நாள்தான் களுவாஞ்சிக்குடிப் பக்கத்திலிருந்து ஒரு பிள்ளைத்தாய்ச்சியை ஏற்றிக்கொண்டு மட்டக்களப்பு ஆஸ்பத்திரிக்கு வந்தேன். பின்னால் அவளும் தாயும். முன்னால் என் பக்கத்தில் அவளுடைய புருசன், நல்ல ஆகிருதியான மனிசன், காலுக்கிடையில் ஒரு மூட்டை அரிசி வேறு. ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் சொந்தக்காரர் வீட்டில் தங்கிச் சமைக்க வேண்டுமல்லவா. வழியில் ஆமிச் சென்றியில் காவலுக்கு நின்ற பொடியன் காரைச் சுற்றி வந்து இடதுபக்க முன் சில்லருகே, ரயரை ஒட்டிக் குந்தினான். "இந்தப் பக்கம் கீழ பதிவு. என்ன வெச்சிருக்கு?" என்று கேட்டான். அரிசி என்றேன், மனிசன் என்றேன். கேட்பானா? சீற்றைக் கழற்றி, அரிசியைக் கொட்டி, கதவுத் தகரத்தைத் தட்டி முடிய இரண்டு மணித்தியாலம் ஆனது. அந்தப் பிள்ளை ரோட்டோரத்து வேம்பின் கீழ் பாயில் கிடந்து அங்கேயே பெற்றாள். பொய் சொல்லக்கூடாது, அந்தப் பொடியன்தான் தண்ணீர்க் கானைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, வெயில் படாமல் தன் மழைக்கோட்டை விரித்துப் பிடித்தபடி முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டு நின்றான். தாயும் பிள்ளையும் தப்பினார்கள். எனக்குத்தான் அன்று முதல் ஒரு விசயம் மண்டைக்குள் ஏறிக்கொண்டது. கார் பதியக்கூடாது. பதிந்தால் பாரம், பாரம் என்றால் சந்தேகம்.

அடுத்த நாளே காத்தான்குடிக்கு மெக்கானிக் இஸ்மாயில் காக்காவின் கராச்சுக்குப் போனேன். நம் ஆட்கள் அங்கே போவதும் முஸ்லிம் ஆட்கள் இங்கே வருவதும் குறைந்திருந்த காலம் அது, இரண்டு பக்கத்திலும் பயம். நான் போனேன். வேறு யாருக்கு அந்தக் காரின் கால் தெரியும்? மற்றக் கார்களுக்கு முன்னால் சுருள் வில் இருக்கும். இதற்குச் சுருள் இல்லை, அது உனக்குத் தெரியும். இரண்டு பக்கமும் அடித்தளத்தின் கீழே நீளத்துக்கு ஒவ்வொரு இரும்புக் கம்பி. முன்முனை சில்லைப் பிடித்த கையிலும் பின்முனை சட்டத்திலும் மாட்டியிருக்கும், அது முறுகி முறுகித்தான் பாரத்தைத் தாங்கும். முனையில் பல் வெட்டியிருக்கும். எத்தனையாவது பல்லில் மாட்டுகிறோமோ அதற்கேற்றபடி காரின் முகம் ஏறும் அல்லது இறங்கும். "ரெண்டு பல்லு ஏத்திப் போடுங்க காக்கா" என்றேன்.

"என்ன தங்கச்சி கதைக்கிறாய்? இது கொம்பனிக்காரன் வெச்ச உசரத்துல இரிந்தாத்தான் ரோட்டப் புடிக்கும். ஏத்தினா ஆட்டுக்குட்டி மாதிரித் துள்ளும்."

"துள்ளட்டும் காக்கா. எத்தின பேர ஏத்தினாலும் வெறுங்கார் மாதிரித் தெரியணும். ரோட்டப் புடிக்காட்டிப் பரவால்ல, சென்றிக்காரன்ட கண்ணுல புடிபடாம இரிந்தாக் காணும்."

அவர் சாரத்தை மடித்துக் கட்டினார். பிறகு, "அல்லாவே, ஆக்களுக்குப் பயந்து காரும் குதிக்கால்ல நிக்கிற காலம் வந்திட்டு" என்று சொல்லிக்கொண்டு அடியில் நுழைந்தார். முன்னுக்கு இரண்டு பல் ஏற்றி, பின்னுக்கு வில்லில் ஒரு பட்டை கூட்டித் தந்தார். அன்று முதல் உன் அம்மாவுக்கு ஒரு சட்டம் வந்தது, முன் சீற்றில் ஒல்லியான ஆள் மட்டும்தான். மீன் வாங்குகிறவள் மாதிரி ஆட்களைக் கண்ணாலேயே நிறுப்பேன். கொஞ்சம் பருத்தவர் என்றால் பின்னால் போகச் சொல்வேன். சண்டை பிடித்தார்கள், இறங்கியும் போனார்கள். நான் மசியவில்லை. ஐந்தாறு வருடம் ஒரு சென்றியிலும் என் சில்லருகே யாரும் குந்தவில்லை என்று எனக்குப் பெரிய பெருமை. கார் நேராக ஓடவில்லை, ரயர் ஒரு பக்கமாய்த் தேய்ந்தது, பின்னால் இருந்து நீ குமட்டிச் சத்தி எடுத்தாய். அதையெல்லாம் நான் கணக்கில் எடுக்கவில்லை.

இனி சுனாமி வந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். உனக்கு ஒன்பது வயது. "கார் உயரமாய் இருந்தபடியால்தான் நாங்கள் சுனாமியில் தப்பினோம்" என்று நீ பள்ளிக்கூடத்தில் கட்டுரை எழுதிப் பரிசு வாங்கினாய். நானும் போய் முன்வரிசையில் இருந்து கைதட்டினேன். இன்றைக்கும் உன் கூட்டாளிமாருக்கு அந்தக் கதையைத்தான் சொல்கிறாய். மனே, அது பொய். நீ சொன்ன பொய் இல்லை, நான் உனக்குச் சொன்ன பொய். தண்ணீர் எங்களுக்குப் பின்னால்தான் வந்தது, வாவிப் பாலத்தைத் தாண்டும்வரை அது நம் சில்லைத் தொடவே இல்லை. காரின் உயரம் அன்றைக்கு ஒருவரையும் காப்பாற்றவில்லை.

நடந்தது இதுதான். நீங்கள் இருவரும் பாணும் பருப்பும் சாப்பிட்டுக்கொண்டிருந்தீர்கள். "கடல் வருது, கடல் வருது" என்று ஆட்கள் ஓடி வந்தார்கள். உங்களைப் பின் சீற்றில் தள்ளிவிட்டுக் காரை எடுத்தேன். வாசல் படலையடியில் பக்கத்து வளவு மலரக்கா ஓடிவந்து இடதுபக்க முன் கதவைப் பிடித்தா. அதே மலர் மாமிதான், அப்பக் கடையில் உனக்கு முதல் அப்பத்தைச் சீனி போட்டுத் தருகிறவ. அவட உடம்பு உனக்குத் தெரியும், அப்போதும் அப்படித்தான். கதவைத் திறந்து ஒரு காலை உள்ளே வைத்துவிட்டா. "புள்ள, என்னையும் கொண்டு போ" என்றா. நான் அவவைப் பார்த்தேன். முகத்தைப் பார்க்கவில்லை, உடம்பைப் பார்த்தேன். என் வாய் சொன்னது, "ஏறாதீங்க மலரக்கா, முன்னுக்குப் பதிஞ்சிரும்!" கையை நீட்டி அவவைத் தள்ளிக் கதவைச் சாத்திவிட்டுப் போனேன். முன் சீற் வெறுமையாய் இருந்தது. சந்தியில் சென்றியும் வெறுமையாய் இருந்தது, அவர்களும் ஓடிவிட்டார்கள். பார்க்க ஒருத்தனும் இல்லாத மண்மூட்டைகளைக் கடந்து, யாருக்குப் பயந்து போகிறேன் என்று தெரியாமல் போனேன்.

மலரக்காவைத் தண்ணீர் வாவிப் பக்கம் கொண்டுபோய்க் கண்டல் மரங்களுக்குள் எறிந்திருந்தது. பின்னேரம்தான் கண்டெடுத்தார்கள். தொடை எலும்பு முறிந்து, பொருந்தாமல் பொருந்தி, இடது கால் கட்டையாகிப் போனது. அகதி முகாமில் இருந்துவிட்டு வந்து மறுபடி அடுப்பு மூட்டினா. அன்றிலிருந்து இன்றுவரை என் படலையில் அப்பம் கொண்டுவந்து கொடுக்கிறா, ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டவன் நீ ஒருத்தன்தான். முகாமில், பத்து வயதில், எல்லோருக்கும் முன்னால், "அம்மா, முன் சீற்றில இடமிருந்ததே, ஏன் மலர் மாமிய ஏத்தல்ல?" என்று கேட்டாய். உன் கன்னத்தில் அறைந்தேன். "கார் நிறைய ஆக்கள், உனக்கென்ன தெரியும்" என்று கத்தினேன். நீ அதற்குப் பிறகு கேட்கவில்லை, கொஞ்சக் காலத்தில் மறந்தும்விட்டாய் என்று நினைக்கிறேன். உண்மை சொன்ன பிள்ளைக்கு அடி கொடுத்தேன். அந்த அடிக்கு இப்போது மன்னிப்புக் கேட்கிறேன்.

இதற்காக நான் மூலையில் இருந்து அழுகிறேன் என்று நினைக்காதே. அழ மாட்டேன். என்னை அப்படிப் பழக்கிய காலம் இருக்கிறதே, அது யாரிடமும் வந்து மன்னிப்புக் கேட்கவில்லை. ஒரு தாய் இரண்டு பிள்ளைகளோடு உயிர் தப்ப ஓடும்போதும் கார் பதியுமா என்று பார்க்கிற அளவுக்கு எங்களை ஆக்கியவர்கள் நன்றாகத்தான் சாப்பிட்டுத் தூங்குகிறார்கள். நான் மட்டும் ஏன் கூனிக்குறுக வேண்டும்? ஆனால் கதவைச் சாத்தியது என்னுடைய கை. அதை வேறு ஆள் தலையில் கட்ட எனக்கு வராது.

சண்டை முடிந்தது என்று ரேடியோவில் சொன்ன அன்று ஒரு ஹயர் இருந்தது. எங்கேயோ வெடி கொளுத்திக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஆட்கள் வன்னியில் யார் யார் மிச்சமென்று தெரியாமல் வீட்டுக்கு வீடு போனைக் கையில் வைத்துக்கொண்டு இருந்தார்கள். நான் சென்றியில் காரை நிற்பாட்டினேன். அங்கே நின்றவன் காரைப் பார்க்கவே இல்லை, போ போ என்று கையைக் காட்டினான். எனக்கு வந்ததே ஒரு ஆத்திரம்! இறங்கிப் போய், "டேய், வந்து பாரடா, இவ்வளவு வருசம் உனக்காகத்தானே இதத் தூக்கிப் புடிச்சிக்கிட்டு ஓடினன், ஒருக்காக் குனிஞ்சி பாரடா" என்று கேட்கவேண்டும் போல இருந்தது. பின்னால் இருந்த கிழவி, "எடு மகள், எடு" என்று தோளைத் தட்டினா.

அதன் பிறகாவது இறக்கியிருக்கலாம். வருடத்துக்கு ஒருமுறை எண்ணெய் மாற்றப் போகும்போதெல்லாம் இஸ்மாயில் காக்கா, "இனி இறக்குவமா தங்கச்சி?" என்று கேட்பார். "மறுகாப் பாப்பம் காக்கா" என்பேன். ஏன் தெரியுமா? கார் உயரமாய் நிற்கும்வரை என்னிடம் ஒரு சாட்டு இருந்தது. ஆமிக்காகத்தான் உயர்த்தினேன், பதியக்கூடாது என்றுதான் ஏற்றவில்லை, கார்தான் காரணம், நான் இல்லை. இறக்கிவிட்டால் அந்தச் சாட்டும் போய்விடும். நீ போனில் இரண்டு இஞ்சு என்றதும் எனக்குக் கோபம் வந்தது அதனால்தான். உன் மேல் இல்லை.

சரி, இறக்கு. ஆனால் எப்படி இறக்குவது என்று நான் சொல்வதைக் கேள். உன் கொழும்புக் கூட்டாளி காஸ் அடித்துக் கம்பியைச் சூடாக்கித் தளர்த்தலாம் என்றானாம். அவனை என் கண்ணில் காட்டாதே. சூடு பட்ட கம்பி ஒரு நாள் பாலத்து நடுவில் வைத்து முறியும், உன் பெண்சாதி பக்கத்தில் இருப்பாள். இரண்டாவது, எல்லோரும் செய்கிற வழி, பல்லைக் கீழே கீழே தள்ளிப் போடுவது. செய்வது லேசு, ஒரு பகலில் முடியும், பார்க்கவும் நல்ல எடுப்பாக இருக்கும். நேற்று முன்தினம் காக்காவிடம் கேட்டேன். வயது போய்விட்டது, கராச்சை மகனிடம் கொடுத்துவிட்டுக் கதிரையில் இருக்கிறார், ஆனால் மூளை அப்படியே இருக்கிறது.

"பல்லுல இறக்கினா வெறுங்கார் வடிவாத்தான் நிக்கும் தங்கச்சி. முன்னால ஒரு ஆள் குந்தினா, சில்லுக் கை போய் அடி ரப்பர்ல முட்டும். மறுகா ஒவ்வொரு பள்ளத்துக்கும் டம் டம்மெண்டு உன்ட முதுகுலதான் அடிக்கும். மகன் ஆக்கள ஏத்தவா இறக்கிறான், படம் புடிக்கவா இறக்கிறான்?"

இந்தக் கேள்வியைத்தான் உன்னிடம் கேட்கிறேன். ஆட்களை ஏற்ற முடியாத அளவுக்குக் காரை இறக்குவதும், ஆட்களை ஏற்றாமல் இருக்கக் காரை உயர்த்துவதும் ஒன்றுதான், நீ செய்வது பார்க்க வடிவாக இருக்கும் என்பது மட்டும்தான் வித்தியாசம். நீ சொன்னாயே மூன்றாவது வழி, வெளிநாட்டிலிருந்து வருவிக்கிற கால், சில்லு பூட்டுகிற அச்சைக் கொஞ்சம் மேலே வைத்துச் செய்தது, அதைத்தான் காக்காவும் சரி என்கிறார். கம்பி தன் இடத்தில் தன் முறுக்கோடு இருக்கும், கைக்கு மேலே போக இடம் இருக்கும், கார் மட்டும் பதியும். வந்து சேர நாள் எடுக்கும் என்றால் எடுக்கட்டும். கல்யாணத்துக்கு வராவிட்டால் கல்யாணத்துக்குப் பிறகு பூட்டு. கம்பிகளைக் கழற்றினால் இடது வலது என்று உளியால் குறி போட்டுவிட்டுக் கழற்று. சுனாமிக்குப் பிறகு உப்புச் சேற்றில் ஓடின கம்பிகளைக் கழுவ நான் இரண்டையும் ஒன்றாய்ச் சாக்கில் வைத்துவிட்டு எது எது என்று தெரியாமல் மாற்றிப் பூட்ட, கார் வெள்ளம் குடித்த மாடு மாதிரிப் படுத்துக்கொண்டது. இரண்டும் பார்வைக்கு ஒன்றுதான். ஒரு பக்கமாய் முறுகிப் பழகின கம்பி மற்றப் பக்கம் வேலை செய்யாது.

என்னுடைய இரண்டு பல்லை மட்டும் உனக்கு விடவில்லை. அது நான் ஏற்றியது. வியாழக்கிழமை காக்காவின் கராச்சுக்குப் போய், அவர் கதிரையில் இருந்து சொல்லச் சொல்ல, அவருடைய மகன் நெம்ப, நானே அடியில் படுத்து இறக்கி, பின்னுக்குக் கூட்டின பட்டையையும் கழற்றினேன். அறுபது தாண்டிய உடம்பு, எழும்ப இரண்டு பேர் பிடிக்க வேண்டியிருந்தது. இப்போது கார் கொம்பனிக்காரன் வைத்த உயரத்தில் நிற்கிறது. அப்படியே ஓட்டிக்கொண்டு வந்து மலரக்காவின் கடை வாசலில் நிற்பாட்டினேன். கடையில் ஆட்கள் இருந்தார்கள், இருக்கட்டும் என்று அவர்களுக்கு முன்னாலேயே சொன்னேன். சீற்றில் இடமிருந்தது என்று சொன்னேன். சென்றியை நினைத்துத்தான் தள்ளினேன், அன்றைக்குச் சென்றியில் யாரும் இருக்கவில்லை என்றும் சொன்னேன்.

மலரக்கா அகப்பையைக் கீழே வைக்கவில்லை. அப்பத்தை எடுத்து, அடுத்த அப்பத்துக்கு மா ஊற்றி, மூடிய பிறகுதான் திரும்பினா.

"நான் பருத்தவ எண்டு அருவருத்துத் தள்ளினாய் எண்டுதான் இவ்வளவு காலமும் நினைச்சிக்கிட்டு இரிந்தன். ஆமிக்காரனுக்குப் பயந்தா தள்ளின நீ?"

"ஓம் மலரக்கா."

"விசரி." சட்டி மூடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு மூடினா. "மன்னிப்புக் கின்னிப்பெண்டு என்னட்டக் கேளாத, தர மாட்டன். என்ட காலப் பாரு. இருவது வருசமா உன்ட கார்ல ஒருக்காலும் ஏறல்ல, ஏன் தெரியுமா? கோவம் எண்டா நினைச்சாய்? இந்தக் கட்டைக் காலத் தூக்கி அந்த உசரத்துல வைக்க ஏலாது, அதான்."

பிறகு கையைத் துடைத்துக்கொண்டு, நொண்டி நொண்டி வந்து முன் கதவைத் திறந்தா. காலைத் தூக்கி வைத்தா. ஏறி இருந்தா. கார் இடது பக்கம் பதிந்தது, நன்றாகவே பதிந்தது. கடையில் இருந்தவர்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். "கலியாணத்துக்கு இந்தச் சீற் எனக்கு" என்றா. "உன்ட சம்பந்தக்காரரெல்லாம் பின்னால நெருங்கி இரிக்கட்டும். மாப்பிள வேணுமெண்டா நடந்து வரட்டும்."

ஆகவே மனே, எவ்வளவு இறக்கினாலும் எனக்குச் சரி. ஆனால் சில்லுக்கும் மட்காட்டுக்கும் இடையில் எவ்வளவு இருக்கிறது என்று அளக்கும்போது வெறுங்காரை வைத்து அளக்காதே. வீட்டுக்கு வா, மலர் மாமியை முன்னால் இருத்தி, அதன் பிறகு அள.

அம்மா